கருவறைக் கேமராவில் ஏன் பழைய லென்ஸ்? பக்தர் ஒருவரின் கேள்விக்கு எங்கள் பதில்

 

போன வெள்ளிக்கிழமை நேரலைக்குக் கீழே ஒரு பக்தர் இப்படி எழுதியிருந்தார்: "கேமராவுக்குன்னு காசு வசூல் பண்ணீங்க. இப்ப கோயிலுக்கு வந்து பார்த்தா நாப்பது வருஷத்துப் பழைய லென்ஸை மாட்டி வச்சிருக்கீங்க. மிச்சக் காசு எங்க?" அதுக்கு நாலைந்து பேர் அவரைத் திட்டி பதில் போட்டிருந்தாங்க. தயவு செய்து திட்டாதீங்க. அவர் 50 வெள்ளி கொடுத்தவர். கேட்க உரிமை உண்டு. நாங்கள்தான் முன்னாடியே விளக்கமா எழுதியிருக்கணும். ஷிப்டு, ஓவர்டைம் என்று தள்ளிப் போட்டு விட்டோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோயிலில் நேரலை ஆரம்பித்தது 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகுதான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் கைத்தொலைபேசி, அப்புறம் ஒரு அன்பர் கொடுத்த ஹேண்டிகேம். கட்டுப்பாடு முடிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. நடக்க முடியாத பெரியவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

போன வருஷம் ஆடிக் கடைசி வெள்ளி. அபிஷேகம் முடிந்து, அலங்காரம் முடிந்து, திரை விலகியது. வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் என்ன நடந்தது என்று. கேமரா அதுவரைக்கும் திரையின் மேல் ஃபோக்கஸ் வைத்திருந்தது. திரை போனதும் எதைப் பிடிப்பது என்று அதுக்குத் தெரியவில்லை. முதலில் குருக்கள் ஐயா முதுகு, அப்புறம் சாம்பிராணிப் புகை, அப்புறம் தொங்குகிற விளக்கு. அம்பாள் மட்டும் இல்லை. கற்பூர ஆரத்தி ஏற்றினதும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்தது. சுடர் மட்டும் வெள்ளையாக, அம்பாள் இருந்த இடம் முழுக்க இருட்டு. ஆரத்தி முடிகிற வரைக்கும் அப்படித்தான்.

அன்றைக்குக் கேமராவில் நின்றது எஸ்.பி.எம். படிக்கிற ஒரு பையன். எங்களில் மூத்தவர், அதாவது இதை எழுதுகிற கை, எல்லார் முன்னாடியும் அவனை ஏசி விட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு வாரம் வரவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டூடியோ அம்மா போன் பண்ணினார்கள். பழைய தோட்டத்து ஆட்களுக்கு அவரைத் தெரியும். அவர் வீட்டுக்காரர்தான் அந்தக் காலத்தில் நம் எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் படம் எடுத்தவர். ஸ்டூடியோ அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அம்மா இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருக்கிறார்கள். "தம்பி, நான் டிவியைத்தான் தட்டிக்கிட்டே இருந்தேன். எனக்குத்தான் கண்ணு போச்சோன்னு பயந்துட்டேன். அம்பாள் முகம் தெரியலப்பா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகுதான் நிர்வாகத்திடம் பேசி வசூல் ஆரம்பித்தோம். மொத்தம் 2,400 வெள்ளி சேர்ந்தது. கணக்கைக் கீழே எழுதுகிறோம்.

முதலில் கேமரா. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கச் சொன்னார்கள் சிலர். நாங்கள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்கிற சின்ன சென்சார் கேமராவைத் தேர்ந்தெடுத்தோம், பழையதுதான், பானாசோனிக். இந்த சென்சாரின் அகலம் 17.3 மில்லிமீட்டர், உயரம் 13 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் 36-க்கு 24. விலை ஒரு காரணம். இன்னொரு காரணம் குருக்கள் ஐயா போட்ட எல்லை. அர்த்த மண்டபத்துக்குள் கேமரா வரக்கூடாது, மகா மண்டபத்தில் தூண் ஓரமாக நிற்கலாம் என்று சொல்லிவிட்டார். டேப் வைத்து அளந்தோம். தூணில் இருந்து மூலவர் வரை 10 மீட்டர்.

இதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சென்சார் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸ் எண்ணால் வகுத்தால் எவ்வளவு அகலம் படத்தில் விழும் என்று தெரிந்துவிடும். கேமராவோடு வந்த 14-42 லென்ஸை முழுக்க இழுத்தாலும் 4 மீட்டருக்கு மேல் அகலம் விழுந்தது. வாசற்படி, தூண், உண்டியல் எல்லாம் தெரியும், அம்பாள் கட்டைவிரல் அளவு. 50 லென்ஸ் என்றால் சுமார் மூன்றரை மீட்டர், கருவறை வாசல் முழுசாக வரும். 135 லென்ஸ் என்றால் சுமார் 1.3 மீட்டர். முகமும் மார்பும் மாலையும். அதுதான் வேண்டும். பெரிய சென்சாரில் இதே அளவு முகம் வர வேண்டும் என்றால் 270 லென்ஸ் வேண்டியிருக்கும், அதன் விலையை நாங்கள் கேட்கக்கூட இல்லை. தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்குச் சின்ன சென்சார் குறை இல்லை, லாபம்.

அப்புறம் ஏன் புதிய ஆட்டோ லென்ஸ் வாங்கவில்லை? ஆடி வெள்ளியில் நடந்ததுதான் காரணம். கருவறையில் மூலவர் நகர மாட்டார். நகர்கிறது எல்லாம் முன்னாடி இருக்கிற புகையும் தீபமும் ஆட்களும்தான். ஆட்டோ ஃபோக்கஸ் நகர்கிறதைத் துரத்தும். நமக்கு வேண்டியது ஒரு தடவை அம்பாள் முகத்தில் வைத்தால் யார் குறுக்கே போனாலும் அசையாத லென்ஸ். ஆட்டோ லென்ஸிலும் ஃபோக்கஸைப் பூட்டலாம், சரிதான். ஆனால் அந்த லென்ஸ்களின் வளையம் எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று கைக்குத் தெரியாது, பல லென்ஸில் கேமராவை அணைத்துப் போட்டால் வைத்த இடம் போய்விடும். பழைய லென்ஸில் தூரம் எண்ணாகவே வெட்டியிருக்கிறது. ஒரு வெள்ளை டேப்பில் கோடு போட்டு வைத்தால் அடுத்த வெள்ளியும் அதே இடம்.

இந்த முடிவுக்கு வந்தபோதுதான் ஸ்டூடியோ அண்ணன் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் கேட்டோம். கட்டிலுக்கு அடியில் ஒரு மைலோ பெட்டி இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார்கள். உள்ளே மூன்று நிக்கான் லென்ஸ், 28, 50, 135. பழைய கல்யாண ஆல்பத்தில் நம் அப்பா அம்மாவைப் பார்த்த அதே கண்ணாடி.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். நம் நாட்டு ஈரத்துக்குப் பெட்டிக்குள் வருஷக்கணக்காகக் கிடந்தால் என்ன ஆகும்? லென்ஸை முழுசாகத் திறந்து வைத்துப் பின்னாடி இருந்து வெளிச்சம் அடித்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக இழை தெரியும். பூஞ்சை. 28-லும் 50-லும் அது நிறைய. 135-இல் கண்ணாடி சுத்தம், ஆனால் உள்ளே திறந்து மூடும் தகடுகளில் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜார்ஜ்டவுனில் இன்னும் கடை வைத்திருக்கிற ஒரு வயசான சீன அங்கிளிடம் கொண்டு போனோம். 135-ஐக் கழற்றிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். மற்ற இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே தின்றுவிட்டது என்றார். அந்த இரண்டையும் தனி டப்பாவில் போட்டு அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

50 லென்ஸ் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபெர்ரி பிடித்துப் போனோம். அங்கே கேனன் எஃப்டி லென்ஸ்களும் இருந்தன, விலை குறைவு. கேனன் 1987-இல் புது மவுண்டுக்கு மாறிவிட்டதால் பழைய எஃப்டி லென்ஸ்கள் ரொம்ப நாள் கேட்பாரற்றுக் கிடந்தன. லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஆனாலும் நாங்கள் நிக்கானிலேயே நின்றோம். முக்கியமான காரணம், எல்லாம் ஒரே மவுண்டாக இருந்தால் ஒரே வகை அடாப்டர் போதும். நிக்கானும் கேனனும் ஃபோக்கஸ் வளையம் எதிர் எதிர்த் திசையில் சுற்றும். வெள்ளிக்கிழமை ஒரு பையன், செவ்வாய்க்கிழமை ஒரு பையன் என்று கை மாறுகிற இடத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம். நிக்கானில் 'ஜி' என்று எழுதியிருக்கிற புதிய லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையமே இருக்காது, அவற்றையும் ஒதுக்கினோம்.

இனி அடாப்டர். இதில்தான் எங்கள் ஃபேக்டரி புத்தி வேலை செய்தது.

ஒவ்வொரு மவுண்டுக்கும் லென்ஸ் உட்காரும் முகத்தில் இருந்து சென்சார் வரைக்கும் ஒரு தூரம் விதிக்கப்பட்டிருக்கிறது. நிக்கானுக்கு 46.5 மில்லிமீட்டர். நம் கேமராவுக்கு 19.25. நடுவில் இருக்கிற 27.25 மில்லிமீட்டர் வெற்றிடத்தை நிரப்புகிற உலோக வளையம்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. வளையம்தானே என்று ஆன்லைனில் 38 வெள்ளிக்கு ஒன்று வாங்கினோம். மாட்டினால் படத்தின் இடது பக்கம் தெளிவு, வலது பக்கம் மங்கல். லென்ஸைத்தான் சந்தேகப்பட்டோம். அப்புறம் வெர்னியர் எடுத்து அடாப்டரை நாலு இடத்தில் அளந்தோம். ஒரு பக்கம் 27.20, எதிர்ப்பக்கம் 27.02. லைனில் இப்படி ஒரு பீஸ் வந்தால் நாங்கள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைப்போம்.

மெலிசாக இருப்பது மட்டும் என்றால் பரவாயில்லை. அடாப்டர் கொஞ்சம் மெலிந்தால் லென்ஸ் தூரத்துப் புள்ளியைத் தாண்டிப் போகும், வளையத்தில் எழுதியிருக்கிற எண் பொய் சொல்லும், அவ்வளவுதான். தடித்துவிட்டால்தான் ஆபத்து, தூரத்தில் உள்ளது எதுவுமே தெளிவாகாது. எங்களுடையது சாய்ந்திருந்தது. அதுக்கு மருந்தே இல்லை. இரண்டாவது அடாப்டர் 110 வெள்ளி. நாலு பக்கமும் ஒரே அளவு. மாட்டும் இடத்தில் மட்டும் லேசாக ஆட்டம் இருந்தது, ஃபோக்கஸ் வளையத்தைத் தொட்டாலே படம் குதித்தது. உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங் தகடுகளைச் சின்ன ஸ்குரூடிரைவரால் ஒரு முடி அளவு விரித்தோம். நின்றுவிட்டது. அதோடு கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் எடு' என்கிற அமைப்பைப் போட வேண்டும். இந்த லென்ஸில் மின் இணைப்பு இல்லை என்பதால் கேமரா லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யாது. அது தெரியாமல் ஒரு சாயந்திரம் முழுக்கப் போனது.

உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டரும் உண்டு, ஸ்பீட் பூஸ்டர் என்பார்கள். படத்தை 0.71 மடங்கு சுருக்கி ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகக் கொடுக்கும். கல்யாணம் எடுக்கிறவர்களுக்கு நல்ல சாமான். சுருக்குவது என்றால் படம் அகலமாகும். நாங்கள் கிட்டே போகத்தான் பாடுபடுகிறோம், அதனால் வேண்டாம் என்று விட்டோம்.

இப்போது எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறோம். நடுவில் ஆசைப்பட்டு ஒரு பழைய சிசிடிவி ஜூம் லென்ஸ் வாங்கினோம், 12.5-இல் இருந்து 75 வரை. சி மவுண்ட். அதிக வெளிச்சம் வாங்கும், ஜூமும் உண்டு, இரண்டு லென்ஸ் வேலையை ஒன்றே செய்யும் என்று கணக்குப் போட்டோம். 260 வெள்ளி. மாட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் கறுப்பு. தண்ணீர்க் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. அந்த லென்ஸ் மூலைக்கு மூலை 11 மில்லிமீட்டர் உள்ள சென்சாருக்குச் செய்தது. நம் சென்சார் மூலைக்கு மூலை 21.6. வாங்குவதற்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், நாங்கள் கேட்கவில்லை. ஃபிலிம் கேமரா லென்ஸ்களில் இந்தத் தொல்லை கிடையாது, அவை நம் சென்சாரை விடப் பெரிய படத்துக்குச் செய்தவை. அந்த 260-ஐயும் சாய்ந்த அடாப்டரின் 38-ஐயும் நாங்கள் நாலு பேரும் கைக்காசில் போட்டுக்கொண்டோம். ஆலயக் காசில் அது இல்லை.

கணக்கு இது. கேமரா 1,150. கணினிக்குப் படம் கொண்டு போகும் கேப்சர் கார்டு 180. நீள எச்டிஎம்ஐ கேபிள் 95. 50 லென்ஸ் 280. அடாப்டர் 110. 135 லென்ஸ் சுத்தம் செய்த கூலி 130. ஈரம் புகாத மின்சார டிரை கேபினட் 240. மொத்தம் 2,185 வெள்ளி. மிச்சம் 215 பொருளாளரிடம் இருக்கிறது. ரசீதுகள் அலுவலகத்தில் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டிரை கேபினட் ஆடம்பரம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். அவரை ஸ்டூடியோ அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய் அந்த 28 லென்ஸைக் காட்டினோம். அப்புறம் பேசவில்லை.

வெளிச்ச விஷயத்தில் குருக்கள் ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். கருவறைக்குள் ஒரு சின்ன எல்இடி விளக்கு வைக்கலாமா என்று கேட்டோம், முடியாது என்றார். அடுத்த வெள்ளி பார்த்தால் அவராகவே இரண்டு நெய்விளக்கு கூடுதலாக ஏற்றி வைத்திருந்தார், முகத்தின் இரண்டு பக்கமும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது. இப்போது 135 லென்ஸை எஃப் 2.8-இல் வைத்து, ஐஎஸ்ஓ 1600 போட்டு எடுக்கிறோம். மண்டபத்து எல்இடி விளக்குகளால் கோடு ஓடாமல் இருக்க ஷட்டர் 50-இல் ஒன்று, நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். எதுவும் தானாக மாறாது. கற்பூரம் ஏற்றினாலும் அம்பாள் இருட்டாக மாட்டார், சுடர் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரியும். 10 மீட்டரில் இந்த லென்ஸுக்குத் தெளிவான ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஒன்றரை அடிதான். அதனால் முன்னே நிற்கிற குருக்கள் ஐயா மங்கலாகத்தான் தெரிவார். கேமரா கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தோம். மூன்று வாரத்துக்கு முன்னால் தீபாராதனை நேரத்தில் அம்பாள் தலைக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு ஒளி தெரிந்தது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பல பேர் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். உங்கள் பக்தியை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்ததை மறைப்பதும் அம்பாளுக்குச் செய்கிற பிழை. அது லென்ஸ் முன்னால் புகைக்காக மாட்டியிருந்த யூவி ஃபில்டரின் பிரதிபலிப்பு. பதிவை ஓட்டிப் பாருங்கள், ஐயா தீபத்தை இடது பக்கம் இறக்கினால் அந்த ஒளி வலது பக்கம் ஏறும், அப்படியே எதிரெதிராக. ஃபில்டரைக் கழற்றிவிட்டோம், லென்ஸிலேயே இருக்கிற ஹூட்டை இழுத்து விட்டோம், அதன் பிறகு வரவில்லை. அந்தப் படத்தை இனி அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எஸ்.பி.எம். பையன் வீட்டுக்கு நாங்கள் போனோம். அவன் அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்கள். தப்பு உன் மேல் இல்லை, கேமராவை ஆட்டோவில் வைக்கச் சொன்னது நாங்கள்தான், எல்லார் முன்னாடியும் ஏசியதும் தப்பு என்று சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளி வந்துவிட்டான். இப்போது 135-க்கு வெள்ளை டேப் ஒட்டிக் கோடு போட்டது அவன்தான். திரை விலகுவதற்கு முன்னாடி கோட்டில் வளையத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவான். ஊர்வலத்துக்கு மட்டும் பழைய 14-42 ஆட்டோ லென்ஸையே மாட்டுகிறோம். அகலமான காட்சிக்குப் பழைய லென்ஸ் இந்தக் கேமராவில் உதவாது, 28 கூட 56 மாதிரி நெருங்கிவிடும்.

வீட்டில் பழைய நிக்கான் மவுண்ட் லென்ஸ் யாரிடமாவது இருந்தால், அதிலும் 85 அல்லது 105, கொண்டு வாருங்கள். கொண்டு வரும் முன் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

தை முதல் வெள்ளி நேரலை முடிந்ததும் ஸ்டூடியோ அம்மாவுக்கு நாங்களே போன் பண்ணினோம். முகம் தெரிந்ததா அம்மா என்று கேட்டோம். "தெரிஞ்சுது தம்பி. மூக்குத்தி கூட தெரிஞ்சுது. மந்திரம்தான் ஒண்ணும் கேக்கல, மேளச் சத்தம் காதைப் பொளக்குது" என்றார்கள். சரி. தூணில் இருக்கிற மைக்கை அர்த்த மண்டபத்து வாசல் பக்கம் மாற்ற ஐயாவிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். மிச்சம் இருக்கிற 215 வெள்ளியில் அதுக்குக் கேபிள் வாங்கலாமா என்று வரும் ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தில் கேட்போம். வெள்ளிக்கிழமை நேரலை வழக்கம் போல இரவு 7 மணிக்கு.